இத்தாலிய நுரை ஒயின்: லேபிளில் எந்தச் சொல்லைப் பார்த்து எதை எடுப்பது?

ப்ரோசெக்கோ வாங்குவதா, ஃப்ராஞ்சாகோர்தா வாங்குவதா என்ற கேள்வியிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒயினில் எவ்வளவு சர்க்கரை வேண்டும்? ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். சர்க்கரையைச் சொல்லும் சொல் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும், சில பாட்டில்களில் பின்பக்கத்துக்கே போய்விடும். வாங்கிப் போய்த் திறந்த பிறகு ‘இது நான் நினைத்தது இல்லையே’ என்று வரும் ஏமாற்றத்தில் பெரும்பங்கு அந்தப் பொடி எழுத்தைப் படிக்காததால் வருவது. அதனால் சர்க்கரை முதலில், நுரை எப்படி உண்டானது என்பது இரண்டாவது, ஊர் மூன்றாவது என்ற வரிசையில் பார்ப்பதே நல்லது. மற்ற சொற்களில் பாதி வெறும் அலங்காரம்.

சர்க்கரை

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஸ்புமாந்தே வகை, அதாவது முழு நுரை ஒயின், ஒவ்வொன்றிலும் கீழ்க்கண்டவற்றில் ஒரு சொல் இருந்தாக வேண்டும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதே கணக்கு.

ப்ரூட் நேச்சர், பா தோஸே, தொஸாஜோ ஜீரோ: 3க்குக் கீழ். மூன்று பெயரும் ஒன்றையே குறிக்கின்றன. நுரை உண்டான பிறகு சர்க்கரை துளியும் சேர்க்கக் கூடாது.
எக்ஸ்ட்ரா ப்ரூட்: 0 முதல் 6 வரை.
ப்ரூட்: 12க்குக் கீழ்.
எக்ஸ்ட்ரா டிரை: 12 முதல் 17 வரை.
டிரை, அல்லது இத்தாலியத்தில் செக்கோ: 17 முதல் 32 வரை.
தெமி செக், அல்லது அபொக்காத்தோ: 32 முதல் 50 வரை.
தோல்ச்சே: 50க்கு மேல்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் நடுவில் இருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருந்தால் அது ப்ரூட்டைவிட இனிப்பு. வெறும் ‘டிரை’ அதைவிடவும் இனிப்பு. இனிப்பே வேண்டாம் என்று நினைத்து ‘டிரை’ என்ற சொல்லைத் தேடி எடுப்பவர் கையில் லிட்டருக்கு 25 கிராம் சர்க்கரை உள்ள பாட்டில் வந்து சேரும். இந்தப் பெயர்கள் வழக்கத்துக்கு வந்த காலத்தில் நுரை ஒயின்கள் இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு இனிப்பாக இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இது ‘டிரை’தான். பெயர் அப்படியே தங்கிவிட்டது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. லிட்டருக்கு 5 கிராம் உள்ள ஒயினை எக்ஸ்ட்ரா ப்ரூட் என்றும் விற்கலாம், ப்ரூட் என்றும் விற்கலாம். அதனால் ‘ப்ரூட்’ என்பது 4 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். ப்ரோசெக்கோவில் ப்ரூட் பெரும்பாலும் மேல் எல்லையை ஒட்டியிருக்கும், மெத்தோதோ க்ளாசிக்கோ ஒயின்களில், அதாவது பாட்டிலுக்குள்ளேயே நுரை உண்டானவற்றில், கீழே இறங்கியிருக்கும். இரண்டு, லேபிளில் சொன்ன வரம்பிலிருந்து 3 கிராம் வரை விலகச் சட்டம் இடம் கொடுக்கிறது.

துல்லியமான எண் வேண்டுமானால் இப்போது ஒரு வழி இருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களில் சத்துப் பட்டியல் கட்டாயம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைப் பின் லேபிளில் இருக்கும் கியூஆர் கோடுக்குள் வைத்துவிட்டார்கள். லேபிளில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோடு கலோரி மட்டும் அச்சாகியிருக்கும். அந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, கார்போஹைட்ரேட்டுக்குக் கீழே ‘தி குயி சூக்கெரி’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே 100 மில்லிக்குக் கணக்கு சொல்லியிருப்பார்கள். பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு வந்துவிடும். 1.1 என்றிருந்தால் 11 கிராம், ப்ரூட்டின் விளிம்பு. 0.4 என்றிருந்தால், லேபிளில் ப்ரூட் என்று இருந்தாலும் அது நடைமுறையில் எக்ஸ்ட்ரா ப்ரூட். ‘ப்ரூட்’ என்ற ஒரே சொல் போட்ட இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஸ்புமாந்தேயா, ஃப்ரிஸாந்தேயா?

இது அழுத்தத்தைப் பற்றியது. தர ஸ்புமாந்தேயில் 20 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 3.5 பார் அழுத்தம் இருக்க வேண்டும். ஃப்ரிஸாந்தே 1 முதல் 2.5 பார் வரைதான். குடிக்கும்போது முன்னது வாய் நிறைய நுரைக்கும், பின்னது நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும். ஸ்புமாந்தேயில் காளான் வடிவக் கார்க்கும் கம்பிக் கூண்டும் இருக்கும். ஃப்ரிஸாந்தேயில் சாதாரணக் கார்க்கோ, திருகு மூடியோ, கார்க்கின் மேல் கட்டிய நூலோ இருப்பது வழக்கம். அந்த நூலுக்குப் பெயர் ஸ்பாகோ. ஒரே தயாரிப்பாளரின் ப்ரோசெக்கோ இரண்டு வகையிலும் வரும், விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் ஃப்ரிஸாந்தே. அயர்லாந்தில் நுரை ஒயினுக்கு வரி இரட்டிப்பு என்பதால் சாதாரணக் கார்க் போட்ட ஃப்ரிஸாந்தே அங்கே நிறைய விற்கிறது. கொண்டாட்டத்தில் ‘டப்’ என்று திறக்க ஆசைப்பட்டு இதை வாங்கினால் சத்தமே வராது.

மேலே கொடுத்த சர்க்கரைப் பட்டியல் ஃப்ரிஸாந்தேக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ரிஸாந்தேயில் ‘செக்கோ’ என்றிருந்தால் அது உண்மையிலேயே இனிப்புக் குறைந்த ஒயின். ஸ்புமாந்தேயில் அதே ‘செக்கோ’ நன்றாகவே இனிக்கும். லாம்ப்ரூஸ்கோ வாங்கும்போது இது மிகவும் உதவும். எமிலியா பகுதியின் சிவப்பு ஃப்ரிஸாந்தே அது. ‘செக்கோ’ போட்டதை எடுத்தால் மொர்தாதெல்லா, பன்றித் தொடை இறைச்சி, பார்மிஜானோ பாலாடைக்கட்டி ஆகியவற்றின் கொழுப்பை அழகாக அறுக்கும். ‘அமாபிலே’ போட்டது இனிப்பு. சொர்பாரா என்று பெயர் இருந்தால் வெளிர் நிறம், புளிப்பு தூக்கல். க்ராஸ்பரோஸ்ஸா என்றால் கருஞ்சிவப்பு, கொஞ்சம் துவர்ப்பு. லாம்ப்ரூஸ்கோ என்றாலே மலிவான இனிப்புச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை சொர்பாரா செக்கோவைக் குளிரவைத்துக் குடித்துப் பார்க்கலாம்.

விலை மிகக் குறைவாக இருக்கும் சில பாட்டில்களில் ‘காஸிஃபிகாத்தோ’ என்ற சொல் ஒளிந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடை வெளியிலிருந்து ஏற்றியது என்று பொருள், சோடாவுக்குச் செய்வதுபோல. அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

தொட்டியா, பாட்டிலா?

இனிப்பு முடிவானதும் அடுத்த தேர்வு இதுதான், விலையும் பெரிதும் இதைப் பொறுத்தே ஏறுகிறது. நுரை வர ஒயினை இரண்டாம் முறை நொதிக்க வைக்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு பார் அழுத்தம் ஏறும். 6 பார் வேண்டுமென்றால் 24 கிராம் போட வேண்டும். அந்தச் சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்துவிடும். கடைசியில் பாட்டிலில் மிஞ்சும் இனிப்பு வேறு கணக்கு.

மூடிய எஃகுத் தொட்டியில் இதைச் செய்தால் மார்த்தினோத்தி முறை. அஸ்தி நகரில் பணியாற்றிய ஃபெதெரிகோ மார்த்தினோத்தி 1895இல் இதை வகுத்தார். பிரெஞ்சுக்காரர் யூஜின் ஷார்மா 1907இல் மேம்படுத்தியதால் ஷார்மா முறை என்ற பெயரே உலகம் முழுதும் பரவிவிட்டது, இத்தாலியர்களுக்கு இதில் இன்றும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஈஸ்டோடு ஒயின் கிடக்கும் காலம் குறைவு என்பதால் திராட்சையின் சொந்த வாசனை, பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ ஆகியவை அப்படியே நிற்கும். ப்ரோசெக்கோவும் அஸ்தியும் இந்த வழி. லேபிளில் முறையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையென்றால் பெரும்பாலும் தொட்டிதான்.

‘மெத்தோதோ க்ளாசிக்கோ’ என்று போட்டிருந்தால் இரண்டாம் நொதிப்பு அதே பாட்டிலுக்குள் நடந்தது. குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு படுத்துக் கிடந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். நல்ல இத்தாலியப் பகுதிகள் அதைவிட மிக அதிகமாகக் கேட்கின்றன. செத்த ஈஸ்ட் செல்கள் மெல்லக் கரைந்து, அப்போதுதான் சுட்ட ரொட்டி, முந்திரி, வெண்ணெய் போன்ற வாசனையைத் தரும். குமிழி சிறுத்து, வாயில் பட்டுப்போல இறங்கும். பழ வாசனையை விரும்புபவருக்கு இது ‘ஈஸ்ட் நாறுகிறது’ என்று தோன்றவும் கூடும். விலை கூடியதால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்துப் பரிசளிக்க வேண்டாம்.

ப்ரோசெக்கோவுக்குள் ஒரு ஏணி

2009இல் ப்ரோசெக்கோவின் எல்லை மாற்றி வரையப்பட்டது. அதுவரை ப்ரோசெக்கோ என்றே அழைக்கப்பட்ட திராட்சை, க்ளேரா ஆனது. ப்ரோசெக்கோ இப்போது ஓர் இடத்தின் பெயர் மட்டும். குறைந்தது 85 விழுக்காடு க்ளேரா இருக்க வேண்டும்.

ஏணியின் கீழ்ப் படி ப்ரோசெக்கோ டி.ஓ.சி. (விளையும் இடத்தையும் செய்முறையையும் விதித்துப் பெயரைக் காக்கும் இத்தாலியச் சான்றுதான் டி.ஓ.சி.). வெனேத்தோ, ஃப்ரியூலி இரண்டிலுமாக ஒன்பது மாவட்டங்கள், பெரும்பாலும் சமவெளி, ஹெக்டேருக்கு 18 டன் வரை விளைச்சல் அனுமதி. அதில் ‘த்ரெவீசோ’ என்று சேர்த்திருந்தால் அந்த மாவட்டத்துத் திராட்சை என்று பொருள், அவ்வளவுதான். மலைச்சரிவு ஒயின் என்று எண்ணிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மேல்படி, கொனேலியானோ வால்தோப்பியாதெனே ப்ரோசெக்கோ சுபீரியோரே டி.ஓ.சி.ஜி. (டி.ஓ.சி.யைவிடக் கண்டிப்பான சான்று). செங்குத்தான குன்றுகள், எந்திரம் ஏறாத சரிவுகள், ஹெக்டேருக்கு 13.5 டன். 2019இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது இந்தக் குன்றுகள்தான். பக்கத்திலேயே அசோலோ என்ற இன்னொரு டி.ஓ.சி.ஜி. பகுதி இருக்கிறது. பெயர் அவ்வளவாகப் பரவாததால் விலை அடக்கமாக இருக்கும், கொடுத்த காசுக்குக் கிடைக்கும் ஒயின் என்று பார்த்தால் ப்ரோசெக்கோவில் என் முதல் ஓட்டு இதற்கே.

டி.ஓ.சி.ஜி. தானா என்று சரிபார்க்கக் கழுத்தைப் பாருங்கள். அரசு அச்சிட்ட, வரிசை எண் உள்ள காகிதப் பட்டை ஒன்று கார்க் மூடியின் பக்கம் ஒட்டியிருக்கும், திறந்தால் கிழியும் இடத்தில். ப்ரோசெக்கோ டி.ஓ.சி. பாட்டிலிலும் இப்படியொரு பட்டை உண்டு. பட்டை இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிக்க வேண்டும்.

‘ரிவே’ என்ற சொல் டி.ஓ.சி.ஜி.க்குள்ளும் ஒரு படி மேலே. 43 ஊர்ப்பகுதிகள், கையால் மட்டுமே அறுவடை, ஹெக்டேருக்கு 13 டன், அறுவடை ஆண்டு கட்டாயம். ‘ரிவே தி கூயா, எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்று ஒரு லேபிள் இருந்தால் கூயா ஊரின் சரிவில் விளைந்தது, இனிப்பு இல்லை, தொட்டி முறை என்று மூன்று செய்தியும் ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. உச்சியில் கார்தித்ஸே, 107 ஹெக்டேர் கொண்ட ஒரே ஒரு குன்று, விலையும் உச்சி. ஆனால் கார்தித்ஸேயை மரபாக ‘டிரை’ ஆகவே, அதாவது இனிப்பாகவே, செய்து வந்திருக்கிறார்கள். இனிப்பு பிடிக்காதவர் ‘எல்லாவற்றிலும் உயர்ந்தது’ என்று அதை வாங்கினால் பணமும் போய், வாயும் கெடும். ப்ரூட் என்று குறிப்பிட்ட கார்தித்ஸே கிடைத்தால் பார்க்கலாம். இல்லையென்றால் அதே பணத்துக்கு நல்ல ரிவே ஒன்றும், மீதிக் காசும் கிடைக்கும்.

அடியில் வண்டலோடு கலங்கி இருக்கும் ப்ரோசெக்கோவும் விற்கிறது, ‘கொல் ஃபோந்தோ’ அல்லது ‘சூயி லியேவிதி’ என்ற பெயரில். கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். பாட்டிலுக்குள் நொதித்த பிறகு ஈஸ்டை வெளியே எடுக்காமல் விட்டது. கலங்கல் பிடிக்காவிட்டால் ஒருநாள் நிமிர்த்தி வைத்து, மெல்லச் சாய்த்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

ப்ரோசெக்கோ ரோஸே 2020இல் வந்தது. க்ளேராவோடு 10 முதல் 15 விழுக்காடு பினோ நேரோ என்ற கருந்திராட்சை சேர்த்து, 60 நாளாவது தொட்டியில் நொதிக்க வைத்தது. நிறத்துக்காக வாங்கலாம்.

மெத்தோதோ க்ளாசிக்கோவில் எது?

ஃப்ராஞ்சாகோர்தா, லொம்பார்தியாவில் இசேயோ ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. 1995 முதல் டி.ஓ.சி.ஜி. லேபிளில் ‘ஸ்புமாந்தே’ என்றோ ‘மெத்தோதோ க்ளாசிக்கோ’ என்றோ எழுத வேண்டிய அவசியம் இல்லை, ஊர்ப் பெயர் மட்டுமே போதும். அதன் நுரை இல்லாத ஒயினுக்கு வேறு பெயர் வைத்துவிட்டதால் குழப்பமும் இல்லை. வண்டலோடு குறைந்தது 18 மாதம். ரோஸேவுக்கும் சாத்தேனுக்கும் 24, மில்லெசிமாத்தோவுக்கு (அறுவடை ஆண்டு குறித்தது) 30, ரிசேர்வாவுக்கு (இன்னும் நீண்ட காலம் முதிர வைத்தது) 60. சாத்தேன் இந்த ஊருக்கே உரியது: வெள்ளைத் திராட்சை மட்டும், அழுத்தம் 5 பாருக்கு மேல் போகக் கூடாது, எப்போதும் ப்ரூட். நுரை ஒயினின் சுருக்கென்ற குத்தல் பிடிக்காதவருக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும்.

த்ரெந்தோ டி.ஓ.சி. ஆல்ப்ஸ் மலைப்பகுதி. குறைந்தது 15 மாதம், ஆண்டு குறித்ததற்கு 24, ரிசேர்வாவுக்கு 36. உயரமும் குளிர்ந்த இரவும் புளிப்பைக் காப்பாற்றுவதால் ஃப்ராஞ்சாகோர்தாவைவிடக் கூர்மையாக, எலுமிச்சைத் தோல் போல இருக்கும். அதே தரத்தில் விலை பெரும்பாலும் ஒரு படி கீழே. இந்த இரண்டில் ஒன்றை முதல்முறை வாங்குபவருக்கு அடிப்படைத் த்ரெந்தோ ப்ரூட்டே போதும். மேசையில் கொழுப்பான மீனும் வெண்ணெய்ச் சாறும் இருந்தால் ஃப்ராஞ்சாகோர்தாவின் சதைப்பற்று கைகொடுக்கும்.

பியமோந்தேயின் ஆல்தா லாங்கா டி.ஓ.சி.ஜி. மூன்றிலும் கண்டிப்பானது. பினோ நேரோவும் ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையும்தான் பிரதானம், எல்லாப் பாட்டிலிலும் அறுவடை ஆண்டு, குறைந்தது 30 மாதம். ஃப்ராஞ்சாகோர்தா மில்லெசிமாத்தோவுக்குக் கேட்கும் காலத்தை இங்கே சாதாரணப் பாட்டிலுக்கே கேட்கிறார்கள். ஓல்த்ரெபோ பாவேஸே பக்கம் பினோ நேரோவில் செய்வது நன்றாக இருக்கும், ஆனால் இத்தாலிக்கு வெளியே தேடிப் பிடிப்பது சிரமம்.

பல பாட்டில்களின் பின் லேபிளில் ‘ஸ்பொக்கத்தூரா’ என்று மாதமும் ஆண்டும் இருக்கும். ஈஸ்டை வெளியேற்றிக் கடைசிக் கார்க் போட்ட தேதி அது. அதுவரை வண்டல் ஒயினைக் காத்தது, அன்றிலிருந்துதான் வயது ஏறத் தொடங்குகிறது. அடிப்படை ப்ரூட் என்றால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பதை எடுப்பது பத்திரம்.

காசு கேட்கும் சொற்கள்

‘மில்லெசிமாத்தோ’ என்றால் குறைந்தது 85 விழுக்காடு அந்த ஆண்டுத் திராட்சை. ஃப்ராஞ்சாகோர்தாவில் அது கூடுதல் மாதங்களைக் குறிக்கிறது, காசு கொடுக்கலாம். தொட்டியில் செய்த ப்ரோசெக்கோவில் அது தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் வேறு பயன் உண்டு. ப்ரோசெக்கோ இளமையிலேயே குடிக்க வேண்டியது, ஆண்டு இருந்தால் எவ்வளவு பழசு என்று தெரிந்துவிடும். மூன்று நான்கு வருடப் பாட்டிலைத் தள்ளுபடியில் வைத்திருந்தால் தள்ளுபடிக்கான காரணம் அதிலேயே எழுதியிருக்கிறது.

‘கூவே’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனித் தகுதி எதுவும் இல்லை. தங்க எழுத்துக்கும் கனத்த பாட்டிலுக்கும் அப்படியே. எந்த இடப்பெயரும் இல்லாமல் ‘வீனோ ஸ்புமாந்தே’ என்று மட்டும் இருந்தால் திராட்சை எங்கே விளைந்தது என்று சொல்ல அவர்கள் விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளுக்கு வெளியே ஒன்று: நிறமற்ற கண்ணாடி. ரோஸேயும் சாத்தேனும் இப்படிப் பாட்டிலில் வருவது வழக்கம். கடை விளக்கோ வெயிலோ பட்டால் சில நாட்களிலேயே ஒயினில் முட்டைக்கோஸ் வேகவைத்த வாடை ஏறிவிடும். ஜன்னலோரம் நிற்கும் பாட்டிலை விட்டுவிட்டு, உள்வரிசையிலிருந்தோ அட்டைப் பெட்டிக்குள்ளிருந்தோ எடுங்கள்.

எதற்கு எது

ஸ்பிரிட்ஸ் என்ற காக்டெயில் கலக்க: ப்ரோசெக்கோ டி.ஓ.சி. ப்ரூட். 90 மில்லி ப்ரோசெக்கோவுக்கு 60 மில்லி அபெரோல் (ஆரஞ்சு நிற இத்தாலிய மதுபானம்), ஒரு தெறிப்பு சோடா. அபெரோலே இனிப்பு, அதனால் எக்ஸ்ட்ரா டிரை போட்டால் சிரப் ஆகிவிடும். டி.ஓ.சி.ஜி. பாட்டிலை இதில் ஊற்றுவது வீண்.

சாப்பாட்டுக்கு முன் சும்மா குடிக்க: அசோலோ அல்லது வால்தோப்பியாதெனே, ப்ரூட். பலவிதமான நாக்குகள் கூடும் இடத்தில் எக்ஸ்ட்ரா டிரை யாரையும் முகம் சுளிக்க வைக்காது. காரமான பதார்த்தம் பரிமாறினாலும் இதையே எடுக்கலாம், மிளகாய் எரிச்சலில் ப்ரூட் நேச்சரின் புளிப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சாப்பாடு முழுக்க ஒரே பாட்டில்: த்ரெந்தோ அல்லது ஆல்தா லாங்கா, ப்ரூட் அல்லது எக்ஸ்ட்ரா ப்ரூட். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே ஊற்றாமல் 8 முதல் 10 டிகிரிக்கு வரவிட்டால் வாசனை திறக்கும். ப்ரோசெக்கோவுக்கு 6 முதல் 8 போதும்.

கேக், பானெத்தோனே, பழம்: இங்கேதான் இத்தாலியர்களே தவறு செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் பானெத்தோனேயோடு ப்ரூட் திறந்தால் கேக்கின் இனிப்பு ஒயினை வெறும் புளித்தண்ணீராக்கிவிடும். சாப்பிடும் பொருளைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். மொஸ்காத்தோ தாஸ்தி எடுங்கள்: அதிகபட்சம் 2.5 பார், ஆல்கஹால் 4.5 முதல் 6.5 விழுக்காடு, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். 125 மில்லி கிளாஸ் ஒன்றில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை என்பதைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். அதே திராட்சையின் முழு நுரை வடிவம் அஸ்தி ஸ்புமாந்தே, நுரையும் ஆல்கஹாலும் கொஞ்சம் கூடுதல். 2017க்குப் பிறகு இனிப்பில்லாத அஸ்தியும் வருவதால், ‘அஸ்தி’ என்ற பெயரை மட்டும் பார்த்துக் கேக்குக்கு வாங்கிவிடாதீர்கள், ‘தோல்ச்சே’ என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கி வைத்து வருடம் கழித்துத் திறக்க: ஃப்ராஞ்சாகோர்தா ரிசேர்வா, த்ரெந்தோ ரிசேர்வா இரண்டில் ஒன்று. ப்ரோசெக்கோ, அஸ்தி, மொஸ்காத்தோ எதையும் அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். அவற்றின் வாசனைதான் முதலில் போகும், பிறகு மிஞ்சுவது சர்க்கரையும் குமிழியும் மட்டும்.